துவக்கும் ஒரு வினைச்சொல்லும்

அகதியாக வந்த ஒருவன் பொழுதுபோக்குத் தேடத் தொடங்கிவிட்டான் என்றால் அவனுடைய பெரிய பிரச்சினைகள் எல்லாம் தீர்ந்துவிட்டன என்று அர்த்தம். இனி அவனாகப் பார்த்துப் புதிதாக ஒன்றை உண்டாக்கிக்கொள்ள வேண்டியதுதான். நான் உண்டாக்கிக்கொண்டேன்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. பீலெஃபெல்டில் சமையலறை அலுமாரிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு நிரந்தர வேலை. ஜேர்மன் குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் குடும்பமாகக் காத்திருந்தோம். அந்தக் காத்திருப்புக் காலத்தில் என் மனைவி வதனி வீட்டில் ஒரு அவசரகாலச் சட்டத்தையே அமுலில் வைத்திருந்தாள். டிக்கெட் எடுக்காமல் ட்ராமில் ஏறக் கூடாது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு வாகனமும் இல்லாவிட்டாலும் சிவப்பு விளக்கில் தெருவைக் கடக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைகளில் வெறும் போத்தல்களைக் கொண்டுபோய்க் கண்ணாடித் தொட்டிக்குள் போடக் கூடாது. (சத்தம் அயலவரின் ஓய்வைக் குலைக்குமாம். வதனி கற்பனை செய்யவில்லை, உண்மையிலேயே அப்படி ஒரு தடை இருக்கிறது.)

“பொலிசிட்டையிருந்து ஒரு கடதாசி வந்தாலும் எல்லாம் போச்சு. நீங்கள் ஒண்டும் செய்ய வேண்டாம். சும்மா இருங்கோ, அது காணும்,” என்பாள்.

சும்மாதான் இருந்தேன், செந்தில் வரும் வரைக்கும்.

செந்தில் ஈரோட்டுக்காரன். ஹனோவரில் கணினி வேலை. இங்குள்ள கோயிலொன்றின் தேர்த் திருவிழாவில் அன்னதான வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவன், அன்றிலிருந்து விட்டபாடில்லை. கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம் ரயிலேறி வந்து வதனியின் மீன்குழம்பைச் சாப்பிட்டுவிட்டுப் போவான். எதற்கும் சலிக்காத, எதிலும் நல்லதையே காணும் பிறவி. இப்படிப்பட்டவர்களைப் பக்கத்தில் வைத்திருப்பது எவ்வளவு ஆபத்து என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஒரு நாள் மஞ்சள் நிறத்தில் கைபேசியைவிடச் சற்றுப் பருமனான ஒரு கருவியோடு வந்தான்.

“ஜியோகேச்சிங்ண்ணா. ரொம்ப சிம்பிள். யாரோ ஒருத்தர் காட்டுக்குள்ள ஒரு டப்பாவ ஒளிச்சு வெச்சிருப்பாங்க. அது எங்க இருக்குன்னு அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் நெட்ல போட்டுருவாங்க. சாட்டிலைட்ட வெச்சு நாம போய்க் கண்டுபிடிக்கணும்.”

“டப்பாவுக்குள்ளை என்ன இருக்கும் தம்பி?”

“குட்டி பொம்மை, கீ செயின், அந்த மாதிரி. ஒண்ண எடுத்துக்கிட்டு, நம்மளுது ஒண்ண வெச்சுட்டு வரணும்.”

“பிறகு?”

“பிறகு ஒண்ணும் இல்லண்ணா. அவ்வளவுதான்.”

வதனி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “ஆரோ ஒளிச்சு வைச்ச சாமானை நீங்கள் ஏன் போய்த் தேடுறியள்?”

நியாயமான கேள்வி. அதைக் கேட்டபோதே விட்டிருக்கலாம். காட்டுக்குள் பொருட்களை ஒளித்து வைப்பதும் வேறு ஆட்கள் வந்து தேடுவதும் எங்கள் ஊரிலும் நடந்ததுதான். அதை யாரும் பொழுதுபோக்கு என்று சொன்னதில்லை. ஆனால் என்னோடு வேலை செய்யும் ஜேர்மன்காரர்கள் திங்கட்கிழமைகளில் “வார இறுதியில் என்ன செய்தாய்?” என்று கேட்கும்போதெல்லாம் “தூங்கினேன்” என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப் போயிருந்தது. எனக்கும் சொல்ல ஒன்று வேண்டும் போல இருந்தது.

மே மாதத்து ஞாயிறு ஒன்றில் புறப்பட்டோம். காட்டுக்குப் போவதென்றால் அதற்கென்று உடுப்பு வேண்டும் என்று நானாகவே முடிவுசெய்து, உடம்பெல்லாம் பைகள் வைத்த கரும்பச்சை மேற்சட்டையும் அதே நிறத்தில் காற்சட்டையும் வாங்கியிருந்தேன். வதனி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“உந்த உடுப்போடை ஊரிலை சந்திப் பக்கம் போயிருந்தால் ஆமியும் இயக்கமும் ரெண்டு பக்கமும் உங்களைப் பிடிச்சிருக்கும்.”

காட்டோரத்துக் கார் தரிப்பிடத்தில் ஒரு மர மேசை இருந்தது. வதனி வீட்டில் பொரித்த ரோல்ஸ் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு எட்டு வயது மகளோடு அங்கேயே இருந்துவிட்டாள். “நாங்கள் இதிலை இருக்கிறம். கெதியா வாங்கோ. ஒண்டையும் எடுத்துக்கொண்டு வர வேண்டாம்,” என்று சொல்லி அனுப்பினாள்.

அந்தக் கருவியைப் பற்றி நான் என்ன சொல்ல? திரையில் ஒரு அம்பு. அது மேட்டைக் காட்டும். மூச்சு வாங்க ஏறுவோம். உச்சிக்கு வந்ததும் யோசித்துவிட்டு, வந்த வழியையே காட்டும். நல்ல நடைபாதை ஒன்று அழகாக வளைந்து போக, அம்பு மட்டும் காஞ்சோண்டிப் பற்றைக்குள் போகச் சொல்லும். பற்றைக்குள் போய் முழங்காலெல்லாம் எரியும்போது “சாட்டிலைட் லேசா டிரிஃப்ட் ஆவுதுண்ணா, நார்மல்தான்,” என்பான் செந்தில். எத்தனையோ கோடி செலவழித்து வானத்தில் விட்ட சாமான், என்னைக் காஞ்சோண்டிக்குள் இறக்குவதற்கா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியில் அம்பு ஓரிடத்தில் நின்றுவிட்டது. நின்றது என்றால், நாங்கள் எந்தப் பக்கம் திரும்பினாலும் அசையவில்லை. “ஹேங் ஆயிடுச்சு போல. ஆனா இங்கதாண்ணா எங்கயோ,” என்றவன் துண்டுத்தாளில் எழுதி வந்த குறிப்பை வாசித்தான். “நெட்டையனின் காலடியில் தேடு.”

சுற்றிலும் பார்த்தேன். சற்றுத் தள்ளி உயரமான மரப் பரண் ஒன்று நின்றது. வேட்டைக்காரர்கள் ஏறியிருந்து மானுக்குக் காத்திருக்கும் பரண். இதைவிட நெட்டையன் வேறு யார்? ஏணியடிக்குப் போனேன். அங்கே வெட்டிய இலைக்கொப்புகள் சில, ஒன்றின் மேல் ஒன்றாக, எதையோ மூடினாற்போல அடுக்கிக் கிடந்தன. முதல் நாளிலேயே கண்டுபிடித்துவிட்டேன். திங்கட்கிழமை தொழிற்சாலையில் இதை எப்படி ஆரம்பிப்பது என்று கூட யோசித்துவிட்டேன்.

கொப்புகளை விலக்கினால் டப்பா இல்லை. நீளமான, பச்சை நிறத் துணிப்பை. ஜேர்மன்காரருக்குப் பொம்மை வைக்கவும் இவ்வளவு பெரிய பை வேண்டுமா என்று நினைத்துக்கொண்டே சிப்பை இழுத்தேன்.

உள்ளே எண்ணெய் மினுங்கும் ஒரு இரும்புக் குழாயும் வழுவழுப்பான மரப்பிடியும்.

“தம்பி,” என்றேன் மெதுவாக. “துவக்கு.”

செந்தில் எனக்கு முதுகைக் காட்டியபடி கருவியைத் தட்டிக்கொண்டிருந்தான். “என்னண்ணா?”

“துவக்கு தம்பி. துவக்கு.”

“ஓகேண்ணா.”

கருவி நீளமாக ஒரு தரம் கூவி அடங்கியது.

யாழ்ப்பாணத்தில் துவக்கு என்றால் சுடுகிற துப்பாக்கி. ஈரோட்டில் துவக்கு என்றால் தொடங்கு. அம்பு நின்றுபோய் அவஸ்தைப்பட்டுக்கொண்டிருந்த பையன், அண்ணன் சொன்ன சொல்லைத் தட்டாமல் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத் துவக்கிவிட்டான். காரை விட்ட இடம், நாங்கள் வந்த வழி, எல்லாம் அதோடு போயிற்று.

“துவக்கிட்டேண்ணா. இப்ப எல்லாம் ஃப்ரெஷ்ஷா இருக்கு,” என்று திரும்பியவன் பையைக் கண்டான். அவன் முகத்திலிருந்த நல்லதெல்லாம் வடிந்தது. “அண்ணா, அது துப்பாக்கிண்ணா.”

“அதைத்தானே தம்பி இவ்வளவு நேரமும் சொல்லிக்கொண்டிருக்கிறன்.”

“மூடி வெச்சுட்டு ஓடிரலாம்ண்ணா.”

அந்த நாளில் அவன் சொன்ன ஒரே உருப்படியான வார்த்தை அதுதான். நான் கேட்கவில்லை. “ஹலோ, ஹலோ” என்று காட்டைப் பார்த்துக் கூப்பிட்டேன். பதில் இல்லை. கைபேசியில் சிக்னல் இல்லை. தொட்டுப் பார்த்ததில் என் கைரேகை அந்தப் பிடியில் பட்டாயிற்று. இதையெல்லாம்விட வேறொன்றும் இருந்தது. பற்றைக்குள் கிடந்த எதையோ எடுத்து விளையாடப் போய்க் கையை இழந்த பிள்ளை ஒன்றை எனக்குத் தெரியும். எங்கள் ஒழுங்கையில் இருந்த பிள்ளை. என் மகள் அதே காட்டின் ஓரத்தில் ரோல்ஸ் தின்றுகொண்டிருக்கிறாள். துவக்கை அப்படியே போட்டுவிட்டுப் போக எனக்கு ஏலாமல் இருந்தது.

“இதைக் கொண்டுபோய்ப் பொலிசிட்டைக் குடுப்பம்,” என்றேன். குடியுரிமைக்குக் காத்திருக்கும் மனிதன் செய்ய வேண்டிய காரியம் இதுதான் என்று மனமார நம்பினேன். அதிகாரி என் கையைக் குலுக்குவதாகக்கூட ஒரு காட்சி மனதில் ஓடியது.

சிப் பாதியில் சிக்கிக்கொண்டது. இழுத்தேன், செந்திலும் இழுத்தான், கழன்று கையோடு வந்துவிட்டது. குழாய் ஒரு சாணுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அதை நிலத்தைப் பார்க்கவும் விட முடியாது, வானத்தைப் பார்க்கவும் விட முடியாது. முதல் தரம் கோயிலுக்குப் பிள்ளையைக் கொண்டுபோகிறவன் போல இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு நடந்தேன். செந்தில் குழாய் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாக மாறி மாறி வந்துகொண்டிருந்தான்.

“கார் எந்தப் பக்கம் தம்பி?”

“அதான்ணா, ஃப்ரெஷ்ஷா ஆயிடுச்சே.”

எவ்வளவு நேரம் நடந்தோம் என்று தெரியாது. பை கனத்தது, காஞ்சோண்டி பட்ட இடம் தடித்தது, செந்திலுக்குப் பசித்தது. (அதையும் சொன்னான்.) அப்போதுதான் மரங்களுக்கு அப்பால் கோப்பைகளும் கரண்டிகளும் மோதும் சத்தம் கேட்டது. “ஆளுங்க இருக்காங்கண்ணா,” என்று அவன் முகம் மலர்ந்தது. எனக்கும் உயிர் வந்தது. ஆட்கள் இருந்தால் தொலைபேசி இருக்கும். பொலிசை அங்கே வரவழைத்துவிடலாம்.

சொல்ல வேண்டிய வசனத்தை ஜேர்மன் மொழியில் மனதுக்குள் கட்டிக்கொண்டேன். “நான் ஒரு ஆயுதத்தைக் கண்டெடுத்தேன்.” இஹ் ஹாபெ ஐனெ வாஃபெ கெஃபுண்டன். இந்த மொழியில் ஒரு சிக்கல் உண்டு. ‘கண்டெடுத்தேன்’ என்பதற்கான சொல் கடைசியில்தான் வரும். அது வருவதற்குள் நிறுத்திவிட்டால், இஹ் ஹாபெ ஐனெ வாஃபெ என்ற மிச்சம் தனியாக நின்று முழு வசனமாகிவிடும். அதற்கு அர்த்தம், என்னிடம் ஆயுதம் இருக்கிறது.

மரங்களை விட்டு வெளியே வந்தோம். அது காட்டு விடுதி ஒன்றின் தோட்டம். குடைகளின் கீழே வெள்ளை விரிப்பு விரித்த மேசைகள், ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் குடும்பங்கள், எல்லோர் முன்னாலும் கோப்பியும் கேக்கும். அந்தத் தோட்டத்தின் விளிம்பில், உடம்பெல்லாம் பச்சை உடுப்போடு, தாடியும் வியர்வையுமாக நான். கையில் துவக்கு.

சரியாக அந்த நேரத்தில்தான் முதுகுப் பக்கம், காட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் இடித்தது.

“ஹால்ட்.”

இருபது வயது வரைக்கும் சோதனைச் சாவடிகளுக்கு நடுவில் வளர்ந்தவன் நான். ‘நில்’ என்ற அந்தச் சொல் எந்த மொழியில் வந்தாலும் என் மூளையிடம் அனுமதி கேட்காது. நேரே தோள்களுக்குப் போகும். இரண்டு கைகளும் தாமாகவே தலைக்கு மேலே போயின. கைகளில் இருந்ததும் சேர்ந்தே போயிற்று.

மேசைகளில் முள்ளுக்கரண்டிகள் பாதி வழியில் நின்றன. கேக்கில் மொய்த்த குளவியின் சத்தம்கூடக் கேட்டது. ஏதாவது சொல்லி இவர்களை அமைதிப்படுத்த வேண்டும் என்று தோன்றியது. தலைக்கு மேலே துவக்கைப் பிடித்தபடியே, இயன்ற அளவு மரியாதையான குரலில் வணக்கத்தோடு சொன்னேன்:

“குட்டன் டாக். இஹ் ஹாபெ ஐனெ வாஃபெ…”

மூச்சு முடிந்துவிட்டது. மேடேறி இறங்கி, பாரம் சுமந்து, பயந்து வந்தவனுக்கு அந்தக் கடைசிச் சொல்லுக்கு மூச்சு மிஞ்சவில்லை.

நாற்காலிகள் சரிந்தன. ஒரு அப்பா இரண்டு பிள்ளைகளையும் மேசைக்குக் கீழே தள்ளிவிட்டுத் தானும் புகுந்துகொண்டார். கையுயர்த்த வேண்டியவர்கள் தாங்கள்தான் என்று நினைத்துப் பலர் கைகளை உயர்த்தினார்கள். திரும்பிப் பார்த்தால் செந்திலும் உயர்த்தியிருந்தான். “நீர் ஏன் தம்பி உயர்த்துறீர்?” என்றேன். “எல்லாரும் தூக்கறாங்களேண்ணா,” என்றான். ஒரு வயதான அம்மா மட்டும் கேக்கை விடவில்லை. இதுதான் கடைசி என்றால் முடித்துவிட்டுப் போவோம் என்று நினைத்திருக்க வேண்டும்.

அப்போது காட்டுக்குள்ளிருந்து குரலுக்குச் சொந்தக்காரர் வெளியே வந்தார். பெரிய மனிதர், சிவந்த முகம், தலையில் இறகு செருகிய தொப்பி. ஒரு கையால் காற்சட்டையை இடுப்போடு பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். தோள்வார்கள் இரண்டும் முழங்காலுக்குக் கீழே ஊஞ்சலாடின.

“அது என்னுடைய துவக்கு,” என்று கத்தினார்.

நடந்தது இவ்வளவுதான். பரணில் இருந்த மனிதருக்குத் திடீரென்று வயிறு கலக்கியிருக்கிறது. துவக்கோடு போக வசதிப்படவில்லை. பையில் போட்டு ஏணியடியில் வைத்துக் கொப்பால் மூடிவிட்டுப் பற்றைக்குள் ஓடியிருக்கிறார். நான் “ஹலோ” என்று கூப்பிட்டது அவருக்கு நன்றாகக் கேட்டதாம். பதில் சொல்லும் நிலையில் தான் இருக்கவில்லை என்று பிறகு பொலிசிடம் சொன்னார்.

நான் துவக்கைப் புல்லில் வைத்துவிட்டு எட்டிப் போய் நிலத்தில் உட்கார்ந்தேன். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. “கெஃபுண்டன்,” என்றேன். கேட்க ஒருவரும் இல்லை.

பொலிஸ் நீல விளக்கோடு வந்தது. ஒரு பெண் அதிகாரி, நடு வயது ஆண் அதிகாரி ஒருவர். என்னையும் செந்திலையும் தடவிப் பார்த்தார்கள். செந்திலின் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பிள்ளையார் வந்தார்; டப்பாவில் வைப்பதற்குக் கொண்டுவந்தவர். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நான் வேட்டைக்காரரைக் கொள்ளையடித்ததாக ஒரு மேசை சொன்னது. அவர் என்னை வேட்டையாடியதாக இன்னொரு மேசை சொன்னது. எனக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை. பொலிசிடமிருந்து ஒரு கடதாசி, ஒரே ஒரு கடதாசி என்ற வதனியின் குரல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வந்து இத்தனை வருடம் சிவப்பு விளக்கில் நின்றதெல்லாம் வீண்.

அந்தக் குரலே நேரிலும் வந்தது. கார் தரிப்பிடத்தைத் தாண்டி நீல விளக்குப் போனதைக் கண்டதும், “அப்பா ஏதோ செய்துபோட்டார்,” என்று மகளிடம் சொல்லிவிட்டுக் காரைப் பின்னாலேயே விட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். விளக்கு எதற்காகப் போகிறது என்று அவளுக்கு ஒரு கணம்கூடச் சந்தேகம் வரவில்லை. இதை நினைத்து இன்றைக்கும் எனக்கு ஆத்திரம்தான்.

“என்னப்பா இது?”

“துவக்கு.”

“அது எனக்குத் தெரியுது. ஒண்டையும் எடுத்துக்கொண்டு வர வேண்டாமெண்டெல்லோ சொல்லி விட்டனான்?”

பிறகு பெண் அதிகாரியிடம் திரும்பினாள். வதனியின் ஜேர்மன் என்னுடையதைவிட எவ்வளவோ மேல். முதியோர் இல்லத்தில் வேலை செய்து வாய் திறந்தவள். “இந்த மனிதருக்கு வீட்டில் தன்னுடைய மூக்குக்கண்ணாடியையே கண்டுபிடிக்கத் தெரியாது. இவர் காட்டுக்குள் போய்த் திட்டமிட்டுத் துவக்குத் திருடினார் என்று சொன்னால் நான் நம்பமாட்டேன், நீங்களும் நம்பாதீர்கள்,” என்றாள். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள். ஆனால் தோட்டம் முழுவதற்கும் கேட்கும்படி சொல்லியிருக்க வேண்டியதில்லை.

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். “ஏன் அங்கேயே விட்டுவிட்டு எங்களை அழைக்கவில்லை?”

“பிள்ளைகள் யாராவது எடுத்துவிடுவார்கள் என்று பயந்தேன்,” என்றேன். இந்த முறை வினைச்சொல்லை விடவில்லை.

அவர் எழுதிக்கொண்டார். பிறகு வேட்டைக்காரரிடம் போனார். அங்கே குரல் உயர்ந்தது. துவக்கைக் காட்டில் தனியே விட்டுப் போவது இந்த நாட்டில் சின்ன விஷயம் இல்லை. அந்தப் பெரிய மனிதர் காற்சட்டையைப் பிடித்தபடி தலைகுனிந்து நின்றதைப் பார்க்க எனக்கே பாவமாகிவிட்டது.

இதற்கிடையில் ஆண் அதிகாரி செந்திலின் மஞ்சள் கருவியைக் கையில் எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தார். “ஜியோகேச்சிங்கா? நானும் போவேன்,” என்றார் மெல்லிய குரலில். குறிப்பை வாங்கி வாசித்தார். “நெட்டையன் பரண் இல்லை. பரணுக்குப் பின்னால் நிற்கிற பழைய பீச் மரம். வேருக்குள் இருக்கிறது. வேண்டுமென்றால் வழி காட்டட்டுமா?”

செந்தில் ஆவலோடு என்னைப் பார்த்தான். நான் வதனியைப் பார்த்தேன். “நைன்,” என்றாள் வதனி. ‘வேண்டாம்’ என்பதற்கு ஜேர்மன் மொழியில் அதைவிடச் சுருக்கமாக ஒன்றும் இல்லை.

திரும்பும் வழியில் பின்னிருக்கையிலிருந்து செந்திலின் குரல் வந்தது. “அக்கா, ரோல்ஸ் மிச்சம் இருக்குங்களா?” வதனி பெட்டியைத் திரும்பிப் பார்க்காமலே நீட்டினாள்.

அதன் பிறகு தபால் பெட்டி எனக்கு எதிரியானது. வேலைக்குப் போகுமுன் ஒரு தரம், வந்ததும் ஒரு தரம் திறந்து பார்த்தேன். அரசாங்க அலுவலகங்களின் மஞ்சள் உறை எது வந்தாலும் வயிறு கலக்கியது. (அந்த வேட்டைக்காரரை அப்போது நான் முழுமையாகப் புரிந்துகொண்டேன்.) கோடை முழுவதும் நான் இரவில் புரண்டு படுப்பதைப் பார்த்த வதனி, திட்டுவதைக்கூட நிறுத்திவிட்டாள். அது இன்னும் பயமாக இருந்தது.

இலையுதிர் காலத்தில் குடியுரிமை அலுவலகத்திலிருந்து டெர்மின் வந்தது. இந்த நாளில் இந்த நேரத்துக்கு வா என்று. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி கோப்பைப் புரட்டினார். ஒரு தாளில் நின்றார். கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

“இந்தச் சம்பவத்தில் நீங்கள் சாட்சி என்று போட்டிருக்கிறது.”

“ஆம்,” என்றேன். வதனி என் காலை மிதித்தாள். அதற்கு மேல் பேச வேண்டாம் என்று அர்த்தம்.

“காட்டில் கிடந்த பொருளை ஒப்படைப்பதற்காக அவ்வளவு தூரம் சுமந்தீர்களா?” அவர் தலையை ஆட்டினார். “மிகவும் ஜேர்மன்தனம்.”

வெளியே வந்ததும், “பாத்தியே, என்னைப் புகழ்ந்தவர்,” என்றேன்.

“அது புகழ்ச்சி இல்லை,” என்றாள் வதனி. ஆனால் அன்றைக்குத்தான் அவள் சிரித்தாள். சிரிக்கத் தொடங்கியவள் ட்ராம் வரும் வரைக்கும் நிறுத்தவில்லை. தரிப்பிடத்தில் நின்றபடியே என்னைப் போல இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள்.

அதோடு பிடித்தது வினை. அன்றிலிருந்து என் வீட்டில் நான் ஒரு வசனத்தைப் பாதியில் நிறுத்த முடியாது. “எனக்கு ஒரு…” என்று தொடங்கி உப்பா புளியா என்று யோசித்தால் போதும், சாப்பாட்டு மேசையில் இருக்கும் எல்லோரும் கைகளை உயர்த்திவிடுவார்கள். மகளின் பள்ளிக்கூடத் தோழிகள் உயர்த்தினார்கள். செந்தில் கல்யாணம் செய்துகொண்டு மனைவியைக் கூட்டி வந்த முதல் நாளே அந்தப் பெண்ணுக்கும் பழக்கிவிட்டான்.

போன வருடம் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஹனோவர்ப் பக்கத்து ஜேர்மன் பையன். வரவேற்பு மண்டபத்தில் ஒரு பக்கம் எங்கள் ஆட்கள், மறுபக்கம் அவர்களுடைய ஆட்கள். பெண்ணின் அப்பா இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று மைக்கைத் தந்தார்கள். எனக்கு ஒரு மகள் இருக்கிறாள், அவளை இன்று உங்களிடம் தருகிறேன் என்று ஜேர்மன் மொழியில் சொல்வதற்கு ஒரு வாரமாகத் தயார்செய்து வைத்திருந்தேன். மூச்செல்லாம் அளந்து வைத்திருந்தேன்.

“இஹ் ஹாபெ ஐனெ…” என்றேன். மணமேடையில் சேலையோடு நின்றவளைப் பார்த்தேன். அளந்து வைத்த மூச்சு அங்கேயே முடிந்துவிட்டது.

முதலில் வதனியின் கைகள் உயர்ந்தன. பிறகு செந்தில், அவன் மனைவி, எங்கள் பக்கத்து மேசைகள் ஒவ்வொன்றாக. மணமகள் வளையல்கள் முழங்கைக்குச் சரிய இரண்டு கைகளையும் தூக்கினாள். மாப்பிள்ளையின் அம்மா திகைத்துப் போய் இடமும் வலமும் பார்த்தார். இது ஏதோ தமிழர்களின் கல்யாணச் சடங்கு என்று விளங்கிக்கொண்டவராக, வைன் கிளாஸை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு, மிகுந்த பயபக்தியோடு தானும் கைகளை உயர்த்தினார். அவர்கள் பக்கம் முழுவதும் அவரைப் பார்த்து உயர்த்தியது.

அப்படியே, ஒருவரும் கைகளை இறக்காமல், நான் அந்த வசனத்தை முடிக்கும் வரைக்கும் எல்லோரும் காத்திருந்தார்கள்.